கடலிலிருந்து 300 மீட்டர்

மாமல்லபுரத்தைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் மனை விளம்பரப் பலகைகள் தொடங்கிவிடும். தென்னை, நீச்சல் குளம், சிரிக்கும் குடும்பம் ஒன்று, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஓர் எண்: 'கடலிலிருந்து 300 மீட்டர்'. அடுத்த பலகையில் 250. அதற்கும் அடுத்ததில் 'அலையோசை கேட்கும் தூரம்'. பட்டா, தண்ணீர், வழி எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. எந்த மாதத்துக் கடலிலிருந்து, யார் அளந்தது என்று ஒரு பலகையும் சொல்வதில்லை.

ஓய்வு பெற்றதும் கடலோரத்தில் ஒரு சிறிய வீடு வேண்டும் என்று என் அக்காவின் கணவர் பிடிவாதமாக இருந்தார். வாரக் கடைசியில் போய்த் தங்கலாம், பேரப்பிள்ளைகள் வந்தால் மணலில் விளையாடுவார்கள் என்பது அவர் கணக்கு. மாமாவிடம் கார் உண்டு, பொறுமை கிடையாது. எனக்கு நேர்மாறு. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பத்திர நகல்களைப் படிக்க, மாமல்லபுரத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையிலான கரையை நிதானமாகச் சுற்றிப் பார்த்தோம். வீடு தேடிப் போகிறவன் பார்க்கும் ஊரும் சுற்றிப் பார்க்கப் போகிறவன் பார்க்கும் ஊரும் வேறு வேறு. எங்களுக்கு இரண்டும் கிடைத்தன.

மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள கரையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. கோவளம் வரை உயர்ந்த மதில்கள்தாம். அப்பால் கடல் இருக்கிறது என்பதைக் காற்றை முகர்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். விலை, ஓய்வூதியக்காரர்கள் வாய்விட்டுக் கேட்கக்கூடியதும் அன்று.

தெற்கே நிலைமை வேறு. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் 17ஆம் நூற்றாண்டுக் கோட்டை நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து மெல்லிய பருத்தித் துணி கப்பலேறியது. கோட்டைக்குள் குடும்பச் சின்னங்களும் பூவேலையும் செதுக்கிய கல்லறைக் கற்கள் இருக்கின்றன; எங்களைத் தவிர அன்று அவற்றைப் பார்க்க யாரும் வரவில்லை. கூப்பிடு தூரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். அதைச் சுற்றி 5 கி.மீ. வரையிலான பகுதியில் ஊர்கள் இயல்பாகப் பெருகலாமே தவிர, மக்கள் திரளும் புதிய வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு உண்டு. அந்த எல்லையை ஒட்டியும் மனைப் பலகைகள் இருந்தன என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

வயலூரில் பாலாற்றைக் கடந்தால் செய்யூர்ப் பக்கம். இங்கேதான் கரை அழகாகிறது. சாலைக்கும் கடலுக்கும் நடுவே உப்பங்கழி புகுந்து, அகன்று, ஒடுங்கி, மறுபடி எங்கோ தலைகாட்டுகிறது. முதலியார்குப்பத்தில் சுற்றுலாத் துறையின் படகுத் துறை இருக்கிறது. கழியைக் கடந்து மணல்திட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். பிறகு இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய சங்கப் புலவர் நத்தத்தனார் இந்த நாட்டு நல்லூர்க்காரர் என்று பாட்டின் அடிக்குறிப்பே சொல்கிறது. அவர் பெயருக்கு ஏதாவது பலகை உண்டா என்று மாமா தேடினார். மனைப் பலகைகள்தாம் இருந்தன.

கடப்பாக்கத்துக்கு அருகே ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு முகலாயர் காலத்தில் எழும்பியது. 1750இல் பிரெஞ்சுக்காரர்களின் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர்களால் இடிக்கப்பட்டது. நாணயச் சாலை வைத்திருந்த துறைமுகம் இது என்பதை இன்றைய இடிபாடுகளைப் பார்த்து நம்புவது கடினம். உடைந்த மதில் மேல் ஏறினால் கீழே கழி, அதற்கப்பால் ஒரு மணல் வரப்பு, அதற்கும் அப்பால் வங்கக் கடல். மாமா அங்கேயே நின்று, "இதுதான், இங்கேதான்" என்று முடிவெடுத்துவிட்டார். தரகர் மறுநாளே ஒரு சவுக்குத் தோப்பைக் காட்டினார்.

தோப்பு அருமையான இடம். கடற்கரையிலிருந்து நடந்தே அளந்தோம். முந்நூறு மீட்டருக்குக் குறையாது. ஆனால் சட்டம் நம் காலடியை அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்லை. அலை நுரைத்து முடிகிற இடம் வேறு, உயர் ஓதக் கோடு வேறு. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் நீர் ஏறும் உச்ச எல்லை அது. அதை வரைந்து சான்றளிக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, இந்தக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலத்தைத் தன் கட்டுக்குள் கொண்டுவந்தது. ஊர்ப்புறக் கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. 2011இல் அறிவிக்கை மாறியது, 2019இல் மறுபடி மாறியது. இப்போது மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களுக்குத் தடை 50 மீட்டராகக் குறைந்திருக்கிறது. மற்ற ஊர்ப்புறங்களுக்கு அதே 200. புதிய அளவும் மாநிலத்தின் கடலோர மேலாண்மை வரைபடம் திருத்தப்பட்டு ஒப்புதல் பெற்ற பிறகுதான் பொருந்தும். தரகர்கள் 'ஐம்பது' என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

200க்கும் 500க்கும் இடைப்பட்ட பகுதியில் வீடு கட்டலாமே என்று கேட்பார்கள். 2011 அறிவிக்கை அங்கே வீட்டை அனுமதிப்பது, இருக்கிற மீனவர் குடியிருப்பு, ஊர்நத்தம் போன்ற மரபு உரிமைகளின் வரம்புக்குள். உயரம் 9 மீட்டர், தரைத்தளத்துக்கு மேல் ஒரு தளம். கரையிலேயே பிறந்து கரையிலேயே பிழைக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதிய சலுகை அது. சென்னையிலிருந்து சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற மாமாவுக்காக எழுதியது என்று வாதாட, நல்ல வழக்கறிஞரும் கொஞ்சம் கூச்சமின்மையும் வேண்டும்.

எங்கள் தோப்புக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. கிழக்கே பார்த்தால் கடல் முந்நூறு மீட்டர் தள்ளி. மேற்கே வேலியைத் தாண்டினால் சில பத்தடிகளில் கழி. ஓதம் ஏறி இறங்கும் கழிக்கும் இதே சட்டம் உண்டு: 2011 அறிவிக்கைப்படி 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது, 2019இல் அந்த 100, 50 ஆனது. இடைக்கழிநாட்டில் பல மனைகளுக்கு முன்பக்கம் கடல், பின்பக்கம் கழி. முன்பக்கத்தை மீட்டர் கணக்கில் விற்கிறவர்கள் பின்பக்கத்தை 'ஏரி பார்த்த மனை' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். தரகரிடம் கேட்டேன். "அது ஏரி சார், கடல் இல்லை" என்றார். நீரை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டினேன். அவரும் சிரித்துவிட்டார்.

சட்டத்தின் கோடு இருக்கட்டும், மணலின் கோடே ஓர் இடத்தில் நிற்பதில்லை. இந்தக் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் திசை திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கல்லைக் கொட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கடல் அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இதனால்தான். 1980களின் இறுதியில் புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. நகரத்தின் மணற்கரை போய்க் கருங்கல் கரை வந்தது. கடலுக்கடியில் தடுப்பு வைத்துத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணலை அண்மையில் மீட்டிருக்கிறார்கள். அரிப்பு அதற்குள் வடக்கே நகர்ந்து, தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு மீனவ ஊர்களின் வீடுகளைத் தின்றது. ஓர் ஊரைக் காக்கக் கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு கட்டினால் வடக்கே அடுத்த ஊர் தனக்கும் ஒன்று கேட்டே ஆக வேண்டும். ஆகவே மனை பார்க்கப் போகிறவர்கள், மனைக்குத் தெற்கே என்ன கட்டியிருக்கிறார்கள், என்ன கட்டப்போகிறார்கள் என்று விசாரிப்பது நல்லது. எனக்குத் தெரிந்து யாரும் விசாரிப்பதில்லை. எல்லோரும் கிழக்கேதான் பார்க்கிறார்கள்.

மனைகளைக் காட்டுகிற காலம் தை முதல் பங்குனி வரை. வானம் தெளிவாக, கடல் அடங்கி இருக்கும், அக்காவுக்குக்கூடப் பிடித்துப்போனது. நாங்கள் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் போய்ப் பார்த்தோம். தரகர் இரண்டு முறை தொலைபேசியை எடுக்கவில்லை. கடற்கரை பாதியாகச் சுருங்கியிருந்தது. தையில் நாங்கள் உட்கார்ந்து வேர்க்கடலை தின்ற மணல்மேட்டின் முகப்பு செங்குத்தாக வெட்டுண்டு கிடந்தது. வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் மாமா தோப்பைக் காட்டி, "இங்கே வீடு கட்டினால் தண்ணீர் வருமா அண்ணே?" என்று கேட்டார். அவர் கடலைப் பார்க்கவே இல்லை. மேற்கே கையைக் காட்டினார். "இந்தப் பக்கம் சுனாமிக்குத்தான் வரும், அந்தப் பக்கம் வருடா வருடம் வரும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். மழைநீர் மேற்கிலிருந்து ஏரி ஏரியாக நிரம்பி, ஓடைகளில் இறங்கி, பக்கிங்காம் கால்வாயிலும் கழியிலும் சேர்ந்து, முகத்துவாரம் திறந்திருந்தால் கடலுக்குள் போகும். முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தாலோ கடல் கொந்தளித்து நீரை ஏற்க மறுத்தாலோ அது கழியோரத்து நிலங்களில் பரவி நிற்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்துக்கு அருகே வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2004 டிசம்பர் 26ஐப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மனை வாங்க வருகிறவர்களுக்குத்தான் நினைவூட்ட வேண்டும்.

இனி, பத்திரங்கள். பதிவு அலுவலகத்தில் பதிந்துவிட்டால் நிலம் நம்முடையதாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். பதிவு என்பது இன்னாருக்கு இன்னார் எழுதிக்கொடுத்தார் என்பதற்கான சாட்சி. எழுதிக்கொடுக்க அவருக்கு உரிமை இருந்ததா என்பது வேறு கேள்வி. வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, புல வரைபடம் என்று எல்லோரும் கேட்பவற்றை நானும் கேட்டேன். அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளைப் பதியக் கூடாது என்று 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு அந்தப் பக்கம் ஓரளவு ஒழுங்கு வந்திருக்கிறது. எனக்குக் கவலை தந்தது, ஒவ்வொரு நிலமும் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேடு. இந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. இங்கே ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் ஒடுக்கப்பட்ட சாதியினரின் நிலையைப் பற்றி அளித்த அறிக்கையின் விளைவாக, 1892இல் அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்கத் தொடங்கியது. பஞ்சமி நிலம் அதுதான். முதல் 10 ஆண்டு விற்கவே கூடாது. பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எத்தனை கை மாறினாலும், எத்தனை பத்திரம் பதிந்தாலும் அந்த நிபந்தனை நிலத்தோடு வரும். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் அது தெரியாது. 1994இல் காரணை பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். தென்னங்கன்றும் புல்வெளியுமாக இருக்கும் ஒரு பண்ணை வீட்டின் அடியில் யாருடைய நிலம் இருக்கிறது என்று பார்ப்பதை வெறும் வழக்கு பயம் என்று நான் நினைக்கவில்லை.

பட்டாவில் ஏறாத உரிமைகளும் கரையில் உண்டு. படகு ஏற்றும் இடம், வலை காயும் இடம், கருவாடு போடும் இடம், கோயில் திருவிழாவுக்குச் சாமி கடலாடப் போகும் வழி: இவை ஊருக்குத் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது. 'தனிப்பட்ட கடற்கரை' என்று விளம்பரம் செய்த ஒரு மனைப்பிரிவில் இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். அந்தக் கதவுக்கு வெளியே மீன்கூடையோடு சுற்றிப் போய்க்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து அக்கா, "இந்த வீட்டில் எனக்குத் தூக்கம் வராது" என்றார். நான் படித்த பத்திர நகல்கள் எல்லாவற்றையும்விட அந்தப் பேச்சுதான் மாமாவைக் கொஞ்சம் அசைத்தது.

வீடு கட்டிய பிறகு படும் பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணல் நிலத்தில் நல்ல தண்ணீர், பாலின் மேல் ஆடை போல, உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மேலே நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியில் உப்பு நீர் நாற்பது மீட்டர் வரை ஏற இடமாகிறது என்பது பாடப்புத்தகக் கணக்கு. முதல் வீட்டுக்காரருக்கு இளநீர் போல வந்த கிணறு, நாலு வீட்டில் நீச்சல் குளம் வந்தபின் உவர்க்கும். உப்புக் காற்றில் குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதி, கதவுக் கீல், சன்னல் கம்பி எல்லாம் துருப்பிடிக்கும். பூட்டிக் கிடக்கும் வீடு இன்னும் வேகமாகக் கெடும். காவலுக்கு ஒரு குடும்பத்தை வைப்பார்கள். அங்கே உண்மையில் வாழ்பவர்கள் அவர்கள்தாம்.

இவ்வளவு சொல்வதால் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று பொருளில்லை. போங்கள், வாங்கத்தான் வேண்டாம் என்கிறேன். மரக்காணத்து உப்பளங்களைக் கோடையில் விடிகாலையில் பாருங்கள். வெயில் ஏறினால் கண் கூசும், பாத்தியில் நின்று உப்பு வாருகிறவர்கள் படும் பாடு அப்போதுதான் புரியும். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய நீர்வெளி. மழைக்குப் பிறகு வலசைப் பறவைகள் வந்து இறங்கும், தொலைநோக்கியும் தொப்பியும் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது உணவகங்களில் 'இன்று பிடித்த வஞ்சிரம்' என்று எழுதியிருந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். கரையோரக் கட்டுமரத்திலும் நாட்டுப்படகிலும் வரும் சிறு மீன்களைக் கேளுங்கள். கடப்பாக்கத்தில் மீன் விற்ற அம்மாள் தந்த சங்கரா மீன், அக்காவின் குழம்பில், இந்தத் தேடலில் எங்களுக்குக் கிடைத்த கலப்படமில்லாத லாபம்.

பங்குனி ஆமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை அவை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடுவது அவற்றின் இயல்பு. கடலைப் பார்த்த மாடத்தில் நாம் போடும் அலங்கார விளக்கை நோக்கி அவை எதிர்த்திசையில் ஊர்ந்து, காலையில் நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும். 2025 தொடக்கத்தில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. அதற்கு இழுவலைப் படகுகளைக் காரணம் சொல்கிறார்கள். குஞ்சுகள் சாவதற்கு நம் வீட்டு விளக்கு ஒன்றே போதும், யாரும் செய்தி போட மாட்டார்கள்.

மாமா கடைசியில் ஒரு தாளை எடுத்துக் கணக்கு போட்டார். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். தோப்பின் விலைக்கு அந்த 9 சதவீதத்தை மட்டும் தனியே வைத்தால், கடப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டுக்குப் பத்தாண்டுக்கு மேல் வாடகை கட்டலாம் என்று வந்தது. சாலைக்கு மேற்கே, கடல் தெரியாத, நடந்தால் கால் மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடக்கூடிய வீடு. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் குடும்பம், மாடி எங்களுக்கு. வாடகை, மின்கட்டணம், குடிநீர் எல்லாம் பேசி முடித்த பிறகு வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி ஒரு நிபந்தனை வைத்தார். "ஐயா, கார்த்திகையில் தண்ணீர் கீழே வந்துவிட்டால் நாலைந்து நாள் நாங்களும் மாடிக்கு வந்துவிடுவோம். மாடும் படியோரம் கட்டிக்கொள்வோம்" என்றார்.

மாமா ஒப்புக்கொண்டு முன்பணம் கொடுத்தார். மாடு எத்தனை என்று அக்காதான் கேட்டார்.